ஜன்னலோரம் வைத்த போன்

அத்தியாயம் 14

நாத்தனார் வந்துவிட்டுப் போன வீட்டில் ஒரு வாரத்துக்கு நிம்மதி இருக்காது என்பது ஏஞ்சலினின் கணக்கு. திருநின்றவூரிலிருந்து செண்பகம் திடுதிப்பென்று வந்ததும், வந்தவள் தம்பி அன்புவைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குசுகுசுவென்று பேசியதும், ஏஞ்சலின் காபி டம்ளரோடு போய் நின்றவுடன் அக்காவும் தம்பியும் வாயை இழுத்து மூடிக்கொண்டு துணிக்கொடியை வேடிக்கை பார்த்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. ஏஞ்சலினுக்கு மறந்தால்தானே!

செண்பகத்துக்குக் கல்யாண வயதில் ஒரு பையன் இருக்கிறான். ஏஞ்சலினுக்குக் காலேஜ் போகிற பிரின்சி இருக்கிறாள். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? இவர்களே பேசி முடித்துவிட்டு, கடைசியில் ‘இன்னா ஏஞ்சலு சொல்ற?’ என்று ஒப்புக்குக் கேட்பார்கள். கேட்கட்டும், சொல்கிறேன் என்று வாரம் முழுக்க உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொருமலோடுதான் ஞாயிற்றுக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி. பெல்ட்டில் ஓடி வருகிற மூடிகளில் கோணல் மூடியைப் பொறுக்கிப் போடுவது அவள் வேலை. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் மூடிதான் ஓடியது. கால் இரண்டும் வேறு யாருடையவோ போல வலித்தன.

வீட்டுக்குள் நுழைந்தால், அன்பு டீ ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி டம்ளரில், பாதி சமையல் மேடையில்.

“இன்னாயா இது? டம்ளரு அங்க கீது, நீ ஊடு பூரா ஊத்திக்கினு கீற?”

“கை ஆடிடுச்சு.”

“உங்க அக்கா வந்துட்டுப் போனதிலருந்து உனக்கு எல்லாமே ஆடுது.”

அன்பு கரித்துணியை எடுத்துத் துடைத்தான். சிந்தின இடத்தை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் துடைத்தான். ஆம்பளை துடைக்கிற லட்சணம் என்று முணுமுணுத்தபடி ஏஞ்சலின் துணியைப் பிடுங்கி அவளே துடைத்தாள். வேறு எதையும் கவனிக்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

“இன்னிக்கு ஷிப்ட் மாறுது. ரெண்டாவது ஷிப்ட். மத்தியானம் பஸ்ஸு” என்றான். இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டுகிற மில்லில் அவனுக்கு வேலை.

“சோறு கட்டி வச்சிட்டுப் போறேன்.”

பிரின்சி சர்ச்சுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்ணாடியிலேயே பார்த்து, “செத்த நேரம் படும்மா. மூஞ்சப் பாரு, பேய் அடிச்ச மாதிரி கீது” என்றாள்.

“லைப்ரரிக்குப் போவணும்டி. இன்னிக்கு நான் படிச்ச புக்கப் பத்திதான் பேச்சு.”

“தூங்காம கொள்ளாம அப்படி இன்னாதான் கீதோ அங்க” என்று பெண் அலுத்துக்கொண்டாள். ஏஞ்சலினுக்கும் அதைச் சொல்லத் தெரியாது. வாழ்க்கையில் அவள் யாருக்கும் சோறு போடாமல், யாரிடமும் திட்டு வாங்காமல் உட்கார்ந்திருக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டம் கூடும். புத்தகம் ஒன்று, வாசகர்கள் இருபது பேருக்கு மேல். ஒருவர் படித்து முடித்து அடுத்தவருக்குக் கொடுப்பதற்குள் வருடம் ஓடிவிடும். அதிலும் பாதிப் பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள், புத்தகத்தை விரித்தால் கொட்டாவிதான் வரும். அதனால் நூலகர் பூவராகவன் ஒரு ஏற்பாடு செய்தார். ஒருவர் படிக்க வேண்டும், படிக்கிறதைப் போனில் பதிந்து வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், மற்றவர்கள் கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற ஏஞ்சலின் குரலை யாரோ அவர் காதில் போட, இந்த வருடம் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்று அவள்தான் சொல்லிக்கொள்வாள். உள்ளூர அப்படி ஒரு பெருமை.

தினம் சாயங்காலம் நைட் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன், சமையலறை ஜன்னல் கட்டையில் போனைச் சாய்த்து வைப்பாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக வரும். அடுப்பில் சோறு கொதிக்கும், இவள் படிப்பாள். படிக்க ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. முடித்ததும் அனுப்பிவிடுவாள். அனுப்பினதைத் திரும்பக் கேட்கிற பழக்கம் மட்டும் கிடையாது. சொந்தக் குரலைக் கேட்டால் அவளுக்குக் கூச்சம், உடம்பெல்லாம் புழு ஊர்கிற மாதிரி இருக்கும்.

அந்தக் கூச்சம்தான் அவளைக் கவிழ்த்தது.

*

நூலகத்தில் அன்றைக்கு எல்லாமே கோணலாக இருந்தது.

உள்ளே போனதும் ஜோதிலட்சுமி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கிராமத்தில் நெல் வயலும் மாடுகளுமாக இருக்கிறவள். வட்டத்தில் ஏஞ்சலினோடு வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போடுவதே அவள்தான். இன்றைக்கு ஒரு தூக்கு நிறைய மோர் கொண்டுவந்திருந்தாள்.

“குடி ஏஞ்சலின்மா. ராப்பூரா முழிச்சிக்கினு வந்திருப்ப.”

“இன்னாக்கா, புதுசா உபசரிப்பெல்லாம்?”

“சும்மாதான். உனக்கோசரம் எங்க கோயில்ல வேண்டிக்கினு வந்தேன். நீ வேற சாமி கும்புட்டாலும் எங்க சாமி கேக்கும்.”

எனக்கு எதற்கு வேண்டுதல் என்று கேட்பதற்குள், வள்ளூரிலிருந்து ரயிலேறி வருகிற தணிகாசலம் அவளுக்காக மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டார். அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் மூடாத மனிதர், இன்றைக்கு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் தொடங்கியது. நாவல் ஒரு பஸ் கண்டக்டர் குடும்பத்துக் கதை. அதில் கோமளம் என்கிற மருமகள் ஒரு நாள் பொறுக்க முடியாமல் மாமியாரின் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுகிறாள். அது சரியா தப்பா என்பதுதான் இந்த மாதத்துப் பேச்சு.

“தப்புதான்” என்றாள் ஏஞ்சலின், வேண்டுமென்றே. ஜோதிலட்சுமியைக் கிளப்பிவிடுவதற்காக.

ஜோதிலட்சுமி தலையாட்டினாள். “நீ சொன்னா சரியாதான் இருக்கும்.”

சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். ஏஞ்சலினுக்குத் திக்கென்றது. எல்லோரும் ஒத்துப்போகிற வாசகர் வட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. சாவு வீட்டில்தான் இப்படித் தலையாட்டுவார்கள்.

“இன்னாத்துக்கு எல்லாரும் என்ன இப்டி பாக்குறீங்க? மூஞ்சில இன்னா ஒட்டிக்கினு கீது?”

பூவராகவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சார், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றார் தணிகாசலம். “இதுக்கு மேல மூடி வச்சா பாவம் சார். நான் நெருப்புகிட்ட வேல பாத்தவன். எனக்குத் தூக்கம் வரல.”

பூவராகவன் மெதுவாகக் கேட்டார். “ஏஞ்சலின்மா, புதன்கிழமை அனுப்பின பகுதியை நீங்க கேட்டீங்களா?”

“நான்தான சார் படிச்சேன். நான் எதுக்குக் கேக்கணும்?”

“கேட்டுடுங்கம்மா.”

தணிகாசலம் தன் போனை மேசை மேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

ஏஞ்சலினின் குரல் வந்தது. ‘கோமளம் பெட்டியைத் தெருவில் இறக்கினாள். இறக்கினவள் உள்ளே போகவில்லை. அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்...’ கூச்சத்தில் அவளுக்குக் கழுத்து ஒடுங்கியது. பின்னால் சோறு கொதிக்கிற சத்தம். அதற்கும் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, கொல்லைப்பக்கத்தில் இன்னொரு குரல். அன்பு போனில் பேசுகிறான்.

“...இல்லக்கா. இடது கண்ணு சுத்தமா போச்சு. வலதுல நேரா மட்டும் மங்கலா தெரியுது, ஓரமெல்லாம் இருட்டு. கண்ணுல பிரஷராம். போனது போனதுதான், இருக்கிறதக் காப்பாத்தணும்னா உடனே ஆபரேஷன் பண்ணுன்றாரு டாக்டரு. அதான் உனக்குத் தெரியுமே, நீதான கூட வந்த...”

‘...தெருவில் போன பால்காரர் நின்றார். என்னம்மா பஸ்ஸுக்குக் காத்திருக்கியா என்று கேட்டார்...’

“...வேலைக்குப் போய்க்கினுதான் கீறேன். கம்பி செவக்கச் செவக்க வரும்ல, சாம்சன் பக்கத்துல நின்னுக்கினு ‘வருது, புடி’ன்னு சொல்லுவான். அவன் சொல்றத வச்சி இடுக்கியப் போடுறேன். ஒண்ணும் ஆவாது. யக்கா, ஏஞ்சலுக்கு மட்டும் சொல்லிடாத. இப்பதான் அவ கொஞ்சம் சிரிச்சிக்கினு கீறா. இந்த புக்கு படிக்க ஆரம்பிச்சப்பறம்தான். அத நான் கெடுக்கமாட்டேன்...”

‘...ஆமாம் ஐயா, இந்த பஸ் எப்போ கிளம்புமோ என்று கோமளம் சொன்னாள்’ என்று படித்துவிட்டு, போனுக்குள் இருந்த ஏஞ்சலின் கலகலவென்று சிரித்தாள்.

தணிகாசலம் போனை அணைத்தார்.

ஏஞ்சலினுக்கு எல்லாம் விளங்கியது. செண்பகம் பெண் கேட்க வரவில்லை. தம்பியை ரயிலேற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள், அடுத்து என்ன செய்வது என்று கேட்க வந்திருக்கிறாள். அவளைப் போய் வாரம் முழுக்க மனசுக்குள் கரித்துக்கொட்டியாயிற்று. காலையில் மேடையில் சிந்தின டீ ஞாபகம் வந்தது. பக்கத்து இடத்தைத் துடைத்த கை ஞாபகம் வந்தது.

பிறகு கோபம் வந்தது.

“புதன்கெழம போட்டது. இன்னிக்கு ஞாயித்துக்கெழம. இத்தினி பேரு கேட்டுக்கினு, ஒருத்தருக்குக்கூடவா வாய் வரல?”

“அவங்க சொல்லுவாங்கன்னு இவங்க, இவங்க சொல்லுவாங்கன்னு அவங்க...” என்று ஜோதிலட்சுமி அழ ஆரம்பித்தாள். “உன் புருசன் சொல்லாதன்னு சொல்றாரு. அத நாங்க எப்டி வந்து சொல்றது?”

“இப்ப அழிக்க முடியுமா சார்?”

“அதுக்கு நேரம் தாண்டிடுச்சும்மா” என்றார் பூவராகவன். தயங்கிவிட்டு, “குழுவில ஸ்டீவன் சாரும் இருக்காரு” என்றார்.

ஸ்டீவன், அன்பு வேலை செய்கிற ரோலிங் மில்லில் ஷிப்ட் இன்சார்ஜ். ‘உங்க ஊட்டம்மா குரலுக்காகவே சேந்தேன்யா’ என்று அன்புவிடம் சொன்னவர். ஏஞ்சலின் அவசரமாகத் தன் போனை எடுத்தாள். யார் யார் கேட்டார்கள் என்று அனுப்பினவளுக்குத்தான் காட்டும். வரிசையாக எல்லார் பேரும் இருந்தது. ஸ்டீவன் பேர் மட்டும் இல்லை.

“அவரு வாரம் பூரா வர்றதச் சேத்து வச்சி ஞாயித்துக்கெழமதான் கேப்பாரு” என்றார் தணிகாசலம். “தங்கச்சி, அவரு கேட்டா இன்னா, கேக்காட்டி இன்னா. நீ மொதல்ல உன் ஊட்டுக்காரரப் போய் நிறுத்து. ஓரத்துல இருட்டுன்னா, கம்பி தப்பி வெளிய துள்ளுச்சுன்னா அவருக்குத் தெரியவே தெரியாது. நான் வேணா கூட வர்றேன்.”

“வேணாண்ணா. நீங்க வந்தா அவரு மானம் போயிடும்.”

மத்தியான பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிவிட்டது. மோர்த் தூக்கு அப்படியே இருக்க, ஏஞ்சலின் படியிறங்கி ஓடினாள்.

*

ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்தாள். ஸ்டீவன் இன்னும் கேட்கவில்லை. அன்புக்கு அடித்தாள். எடுக்கவில்லை. அவன் எங்கே எடுப்பான், பஸ் ஸ்டாப்பிங்கிற்கு வரும்போதே போனைப் பையின் அடியில் போட்டுவிடுவான்.

ஸ்டீவன் கேட்டால் வேலை போகும். கேட்காவிட்டால் ஆளே போய்விடுவான். இதில் எதற்காக ஜெபம் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடவுளே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் எதையும் தீர்மானிக்காமல் படுத்துத் தூங்க விடமாட்டாயா என்றுதான் வந்தது.

அவன் மேல் ஆத்திரமாக வந்தது. அக்காவிடம் சொல்ல வாய் இருக்கிறது, பொண்டாட்டியிடம் சொல்ல இல்லையா? உடனேயே, எப்போது சொல்லுவான், நான் எப்போது அவன் முகத்தைப் பார்த்தேன் என்றும் வந்தது. இவள் வந்தால் அவன் கிளம்புவான், அவன் வந்தால் இவள் கிளம்புவாள். ஒரே வீட்டில் ஷிப்ட் மாற்றிக்கொள்கிற இரண்டு ஆள்களாகத்தான் இத்தனை வருடமும் ஓடியிருக்கிறது. அப்படியும் அவள் சிரிப்பதை அவன் கவனித்திருக்கிறான்.

மூடிக்கிடந்த பரோட்டாக் கடை முன்னால்தான் கம்பெனி பஸ் நிற்கும். அன்பு தனியாக நின்றிருந்தான். சலவைச் சட்டை, தோளில் சோற்றுப் பை. ஏஞ்சலின் ஆட்டோவிலிருந்து இறங்கி அவனுடைய இடது பக்கமாகப் போய் நின்றாள். கூப்பிடத்தான் வாய் எடுத்தாள். கூப்பிடவில்லை.

கை நீட்டினால் தொடுகிற தூரம். அவன் திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறாள் என்ற நினைப்பே இல்லாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் தண்ணீர் லாரி ஒன்று வந்தது. பஸ் என்று நினைத்து அதற்குக் கையைக் காட்டினான். லாரி அவனைத் தாண்டிப் போனதும் கையை இறக்கித் தலையைச் சொறிகிற மாதிரி வைத்துக்கொண்டான். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று வலது பக்கம் மட்டும் பார்த்தான்.

ஏஞ்சலின் இன்னும் ஒரு அடி நெருங்கினாள்.

“பிரின்சி அப்பா.”

அன்பு திடுக்கிட்டுத் திரும்பினான். “ஏஞ்சலு? எப்ப வந்த? அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?”

“இப்பதான் வந்தேன்.”

“பேசினியா? கைதட்டினாங்களா?”

“நல்லா தட்டினாங்க.” பையின் வாரைப் பிடித்தாள். “ஊட்டுக்கு வா. இன்னிக்குப் போவாத.”

“இன்னாத்துக்கு? பஸ்ஸு வர்ற நேரத்துல இன்னா பேஜாரு பண்ற?”

“போவாதன்னா போவாத.”

“லீவு சொல்லாம நிக்க முடியாது ஏஞ்சலு, உடு.”

பஸ் வந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமான பஸ். கதவோரத்தில் நின்ற சாம்சன், “மாமே, ஏறு!” என்று கையை நீட்டினான். நீட்டின கையோடு ஏஞ்சலினைப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் அவன் கை தானாக இறங்கியது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அன்பு பையை இழுத்தான். ஏஞ்சலின் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“நான் படிக்கிறப்ப எனக்குத்தான்யா காது கேக்காது. போனுக்குக் கேக்கும்.”

அவன் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடியது. கொல்லைப்பக்கம், ஜன்னல், புதன்கிழமை. பையை இழுத்துக்கொண்டிருந்த கை தளர்ந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தார். “இன்னிக்கு அவரு வரல, நீங்க போங்க” என்றாள் ஏஞ்சலின். பஸ் போய்விட்டது. சாம்சன் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனான்.

இருவரும் பரோட்டாக் கடைப் படியில் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில். ரோட்டில் லாரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

“எத்தினி பேரு கேட்டாங்க?” என்றான் அன்பு, தரையைப் பார்த்துக்கொண்டு.

“எல்லாரும்.”

“நீ எப்ப கேட்ட?”

“கடைசியா. ஊரெல்லாம் கேட்டப்பறம்.” அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “என்கிட்ட சொல்லக்கூடாதாயா? நான் சிரிக்கிறது பெருசா, உன் கண்ணு பெருசா? சிரிப்பாம் சிரிப்பு! நெருப்புக் கம்பிகிட்ட போய் குருட்டாம்போக்குல நின்னுக்கினு, எனக்குச் சிரிப்பு வேணும்னு உன்ன யாருயா கேட்டா?”

“பிரின்சி படிப்பு முடியட்டும்னு பாத்தேன். அவ்ளோதான்.”

“உனக்கு ஒண்ணு ஆயிட்டா அவ படிச்சிடுவாளா?”

அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஏஞ்சலின் அவனுடைய வலது பக்கத்துக்கு எழுந்து வந்து உட்கார்ந்தாள். இப்போதுதான் அவன் அவளை முழுதாகப் பார்த்தான்.

“தூங்கவே இல்லையா நீ? கண்ணெல்லாம் இப்டி செவந்து கீது” என்றான்.

“அது நல்லா தெரியுதா உனக்கு!” என்று சிடுசிடுத்தாள். சொல்லிவிட்டு அவளுக்கே அழுகையும் சிரிப்புமாக வந்தது.

“ஸ்டீவன் சாரு கேட்டாரா?”

ஏஞ்சலின் போனைப் பார்த்தாள். கேட்டவர்கள் வரிசையில் புதிதாக ஒரு பேர் ஏறியிருந்தது. அதைச் சொல்வதற்குள் போன் கையிலேயே அதிர ஆரம்பித்தது. திரை முழுக்கப் பெரிய எழுத்தில் பேர் வந்தது. அவள் அதை அவன் முகத்துக்கு நேராகவே வைத்திருந்தாள்.

“யாரு?” என்றான் அன்பு.

வெயில் கூசுகிற திரையில் கொட்டை எழுத்தில் இருக்கிற பேர்கூட அவன் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வேறு யாரோ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அணைத்துவிடலாம். வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கி எழுந்து, நாளைக்கு யோசிக்கலாம். அவ்வளவு அசதியாக இருந்தது. இந்த வீட்டில் மூடி வைத்ததெல்லாம் போதும் என்றும் இருந்தது.

“ஸ்டீவன் சார்” என்று படித்துச் சொன்னாள்.

அன்பு நிமிர்ந்து உட்கார்ந்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான், ஆள் நேரில் வந்து நிற்கிற மாதிரி.

“குடு. நானே பேசுறேன்.”

அவன் கை நீண்டது. போன் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் விரிந்து நின்றது. ஏஞ்சலின் போனை நகர்த்தி அந்தக் கைக்குள் வைத்தாள்.